பையில் பருப்பைக் குறைத்துப் பயறு வைத்தது ஏன்?

(ரமளான் உணவுப்பொருள் பை வழங்குவதற்கு முன் நடந்த பயனாளிகள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)





போன வாரம் பையின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டினோம். அன்று மாலையே கேள்வி கிளம்பிவிட்டது. போன வருடம் வரை இரண்டு கிலோ துவரம் பருப்பு இருந்த இடத்தில் இந்த வருடம் அரை கிலோதான் இருக்கிறது. மீதிக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி. "பருப்பு விலை ஏறிப்போச்சு, பயறைப் போட்டுச் சமாளிக்கிறாங்க" என்று ஒரு பேச்சு. ஒரு ராத்தா என்னிடம் நேரிலேயே கேட்டார்: "குதிரைக்கு வைக்கிற கடலையை எங்களுக்கு வைக்கிறீங்களா தம்பி?" நேரில் கேட்டதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசினால் பதில் சொல்ல எனக்கு வழி இல்லை.

பணத்தை மிச்சம் பிடிக்க இதைச் செய்யவில்லை. பைக்கு ஒதுக்கிய தொகை குறையவில்லை, கணக்கு மேசையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். காரணம் இரண்டு. துவரம் பருப்பு ரேஷன் கடையிலேயே கார்டுக்கு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அங்கே கிடைக்கும் அதே பொருளை நாமும் தருவதில் பெரிய பலன் இல்லை. இரண்டாவது காரணம், நமக்கு வருகிற மருத்துவ உதவி மனுக்கள். செயலாளர் என்ற முறையில் எல்லா மனுவும் என் கைக்கு வந்துதான் போகும். சர்க்கரை, சர்க்கரையால் காலில் புண், சர்க்கரையால் கிட்னி, பிறகு டயாலிசிஸ். பெண்கள் பக்கம் பார்த்தால் இரத்தச்சோகை. கால் விரலை எடுத்த பிறகு கட்டணத்தில் பாதியைத் தருவதோடு நம் வேலை முடிந்துவிடுமா என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பட்டியல் மாறியது.

2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது சொன்னது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை. இந்த இரண்டு கணக்கிலும் நம் மஹல்லா வீடுகள் இருக்கின்றன.

பருப்புக்கும் பயறுக்கும் என்ன வித்தியாசம்? பயறு என்பது தோலோடு உள்ள முழு விதை. அதை உடைத்துத் தோலைப் புடைத்து எடுத்தால் பருப்பு. புரதத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டிலும் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு புரதம்தான். தோலோடு போய்விடுகிற பொருள்களில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் நார்ச்சத்து. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து. அதையே உடைத்த கடலைப் பருப்பில் சுமார் 15. பச்சைப்பயறில் 17, பாசிப்பருப்பில் 9. அதாவது மில்லில் தோலைக் கழற்றும்போது ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விடுகிறது. அந்தத் தோலையும் குருணையையும் மாட்டுத் தீவனமாக விற்கிறார்கள். குதிரைக் கடலை என்று கேட்ட ராத்தாவுக்கு நான் சொல்வது இதுதான்: நல்லதை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நாம் சாப்பிடுகிறோம்.

அடுத்தது, தோலின் நிறம். பச்சைப்பயறு பச்சையாகவும், கறுப்பு உளுந்து கறுப்பாகவும், முழு மைசூர்ப் பயறு பழுப்பாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. விதை மண்ணில் கிடக்கும்போது பூச்சியும் பூஞ்சையும் அதைத் தின்றுவிடாமல் காக்கச் செடி சில வேதிப்பொருள்களைத் தோலில் சேர்த்து வைக்கிறது. பாலிஃபீனால்கள் என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். கடித்தால் துவர்க்கிறதே, அந்தத் துவர்ப்பு டானின் என்ற பொருளால் வருவது. டீயிலும் மாதுளைத் தோலிலும் இருப்பது அந்தக் குடும்பம்தான். கறுப்பு நிறத்தில் ஆந்தோசயனின் இருக்கிறது. நாவல்பழத்துக்கு நிறம் தருவதும் அதுவே. பச்சைப்பயறின் தோலில் வைடெக்ஸின், ஐசோவைடெக்ஸின் என்று இரண்டு. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். இவை பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன, பாசிப்பருப்பில் மிகக் குறைவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பொருள்கள் நம் உடம்பில் என்ன செய்கின்றன? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பாட்டிலில் அடைத்து விற்பவர்களும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் நிதானமாகப் பேசுவதில்லை. ஆய்வுக்கூடக் குழாயில் வைத்துப் பார்த்தால் பாலிஃபீனால்கள் செல்களைக் கெடுக்கும் பொருள்களை அடக்குகின்றன; மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் குழாய் வேறு, குடல் வேறு. சாப்பிட்ட பாலிஃபீனாலில் சிறு பங்குதான் நேராக இரத்தத்தில் சேரும். பெரும்பங்கு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் வேறு பொருளாக மாறுகிறது. ஆகவே 'ஒரு பிடி கறுப்பு உளுந்து புற்றுநோயை விரட்டும்' என்று யாராவது அனுப்பினால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பருப்பு கொதிக்கும்போது பொங்கி வரும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். அதில் சபோனின் என்ற பொருளுக்கும் புரதத்துக்கும் பங்கு உண்டு. சபோனின் என்ற பெயரே சோப்பு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூந்திக்கொட்டை நுரைப்பதும் இதனால்தான். இது குடலில் பித்தநீரோடும் கொழுப்போடும் ஒட்டிக்கொண்டு வெளியேறுகிறது என்று பெரும்பாலும் விலங்குகளில் செய்த சோதனைகள் சொல்கின்றன. நுரையை அகப்பையால் எடுத்துக் கொட்டுவது உங்கள் விருப்பம். பொங்கி அடுப்பு அணையாமல் இருந்தால் சரி.

மனிதர்களிடமே செய்து பார்த்த சோதனைகளுக்கு வருகிறேன். பயறுக்குப் பலமான சாட்சி இங்கேதான் இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒவ்வொரு உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளந்தார். இன்று டாக்டர்கள் சொல்கிற 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' அவர் குழு 1981-இல் கொடுத்த அளவுகோல்தான். ரொட்டியையும் சோற்றையும் விடப் பயறு வகைகள் மிக மெதுவாகவே சர்க்கரையை ஏற்றின. அதே குழுவினர் 2012-இல், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 121 பேரை வைத்து மூன்று மாதம் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் ஒரு கப் வேகவைத்த பயறு, மற்றவர்களுக்கு முழுக் கோதுமை உணவு. நாம் 'மூணு மாச சர்க்கரை' என்று சொல்லும் டெஸ்டில், பயறு சாப்பிட்டவர்களுக்கு அரைப் புள்ளி குறைந்தது, கோதுமைக்காரர்களுக்கு 0.3 குறைந்தது. 9 இருந்தவருக்கு 8.5 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் மாத்திரையோடு சேர்ந்து, செலவில்லாமல், சமையலறையிலேயே கிடைக்கிற அரைப் புள்ளி அது.

கொழுப்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 2014-இல் கனடா மருத்துவச் சங்க இதழில், 1037 பேர் கலந்துகொண்ட 26 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். தினம் சுமார் 130 கிராம் வேகவைத்த பயறு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைந்தது. 130 கிராம் என்றால் முக்கால் கப் சுண்டல். காய்ந்த பயறாக ஐம்பது, அறுபது கிராம், ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்தப் பலன் டானினால் வந்ததா, நாரினால் வந்ததா, மெதுவாகச் செரிக்கும் மாவினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரு விதைக்குள் இருப்பதால் வருகிறது என்பதுதான் என் எண்ணம். பிரித்தெடுத்து விற்றால் என்ன ஆகும் என்பதற்குச் சோயாவே சாட்சி. அதில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் உண்டு. சோயாப் புரதம் இதய நோயைத் தடுக்க உதவும் என்று பொட்டலத்தில் அச்சிட்டுக்கொள்ள 1999-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராததால், அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று அதே துறை 2017-இல் அறிவித்தது. மீல்மேக்கர் சாப்பிடுங்கள், தப்பில்லை. 'சோயா பவுடர்' டப்பாவுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

வெந்தயமும் பயறுக் குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது. நோன்புக் கஞ்சியில் நாம் போடுகிற அதே வெந்தயம். அதில் கொழகொழப்பான நாரும், சபோனின் வகைகளும் நிறைய. ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை குறைந்தது. ஆனால் 1990-இல் வந்த அந்த ஆய்வில் கொடுத்த அளவு, எண்ணெய் எடுத்த வெந்தயப் பொடி நாளொன்றுக்கு 100 கிராம்! நாம் இரவில் ஒரு ஸ்பூன் ஊறப்போட்டுக் காலையில் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறோம். போன வருடம் நம்மிடம் வந்த ஒரு மனு அப்படிப்பட்டதுதான். வீடியோ பார்த்து நான்கு மாதம் மாத்திரையை நிறுத்தியவர், சர்க்கரை 500-ஐத் தாண்டி மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். பயறு மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் அல்ல. பையில் பயறு வைத்ததால் செயலாளர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்று யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. மைசூர்ப் பருப்பு, அரபியில் அதஸ், எழுபது நபிமார்களின் நாவால் புகழப்பட்டது என்ற கருத்தில் ஒரு செய்தியை ஹதீஸ் என்று போட்டுப் பரப்புகிறார்கள். இது இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸி அவர்கள் 'அல்மவ்ளூஆத்' நூலிலும், இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள் 'அல்மனாருல் முனீஃப்' நூலிலும் இதைப் பொய்ச் செய்திகளோடு சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். குர்ஆனில் அதஸ் வருகிறது. அல்பகரா 61-ஆம் வசனத்தில், பனீ இஸ்ராயீல் சமுதாயத்தார் கேட்ட உணவுகளின் வரிசையில் வெங்காயத்துக்கு முன்னால் வருகிறது. அவ்வளவுதான். பருப்பு நல்லது என்று சொல்லப் பொய் ஹதீஸ் தேவையில்லை. முழு மைசூர்ப் பயறு தோலில் பாலிஃபீனால் அதிகமுள்ள பயறுகளில் ஒன்று என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். நம் ஊர்க் கடையில் தோல் நீக்கிய சிவப்புப் பருப்புதான் கிடைக்கிறது. முழுதாகக் கிடைத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

இப்போது பெண்கள் கேட்ட கேள்வி: "பயறு சாப்பிட்டால் வாயு. நோன்பு வைத்துக்கொண்டு வயிற்றை ஊத வைத்துக்கொண்டு தராவீஹ் தொழ முடியுமா?" நியாயமான கேள்வி. பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன; அங்குள்ள நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகிறது. அதே வேலையில் குடல் சுவருக்கு உணவாகிற பியூட்ரேட் போன்ற நல்ல அமிலங்களும் உண்டாகின்றன. ஆக, வாயு வருவது கெடுதல் நடப்பதன் அடையாளம் அல்ல. ஆனாலும் தொந்தரவு தொந்தரவுதான்.

வழி எளிது. இரவு முழுக்க, எட்டு மணி நேரமாவது, ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேக வையுங்கள். ஊறிய தண்ணீரோடு கொஞ்சம் பாலிஃபீனாலும் போகும், இருக்கட்டும். வாயுச் சர்க்கரையும் போகிறதே. ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கோ ஆணத்துக்கோ ஊற்றிக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே ஒரு கப் சாப்பிடாமல் இரண்டு கரண்டியில் ஆரம்பியுங்கள். ரமளான் வருவதற்குள் இரண்டு வாரம் இருக்கிறது, வயிறு பழகிவிடும்.

முளைகட்டினால் இன்னும் நல்லது, குறிப்பாகப் பச்சைப்பயறு. முளைக்கும்போது வாயுச் சர்க்கரைகளை விதையே தன் வளர்ச்சிக்குச் செலவழித்துவிடுகிறது. விட்டமின் சி புதிதாக உண்டாகிறது. ஃபைடேட் என்ற பொருளும் குறைகிறது. ஆனால் முளைக்கிற ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் வளரும். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், ஆவியில் வேக வைத்தே சாப்பிடுங்கள்.

ஃபைடேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பாதி விஷயத்தை மறைத்தவனாவேன். பயறில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் அதே பயறில் உள்ள ஃபைடேட்டும், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த டானினும் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஆக, சர்க்கரைக்காரருக்கு நல்லது செய்யும் தோல், சோகையுள்ள பெண்ணுக்கு முழு நன்மை தராது. இதற்காகப் பயறை ஒதுக்க வேண்டியதில்லை. ஊற வைப்பது, முளைகட்டுவது, இட்லி மாவைப் போலப் புளிக்க வைப்பது எல்லாம் ஃபைடேட்டைக் குறைக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற விட்டமின் சி உள்ளவற்றைப் பயறோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். கறி, மீனோடு சேர்த்தாலும் அப்படித்தான். சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டும் இல்லை.

இதை எல்லாம் கெடுப்பது எது தெரியுமா? டீ. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக டீ. கஞ்சியில் இருந்த இரும்பை டீயின் டானின் அப்படியே பிடித்துக்கொள்கிறது. டீயை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், நானும் விட மாட்டேன். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தராவீஹ் முடிந்து குடித்தால் இன்னும் நல்லது. கஞ்சியோடு எலுமிச்சை பிழிந்த சர்பத் குடியுங்கள். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் உம்மாமார்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையையும் டீயோடு விழுங்காதீர்கள். மாசமாக இருப்பவர்களுக்கும், பிள்ளைக்குக் காத்திருக்கும் புதுப்பெண்களுக்கும் பயறில் உள்ள ஃபோலேட் இன்னொரு நன்மை. சிசுவின் முதுகுத்தண்டு சரியாக மூடுவதற்கு அது தேவை. அதற்காக டாக்டர் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

ஸஹருக்குச் சுண்டல் சாப்பிட்டால் நாள் முழுக்கப் பசிக்காது என்று சொல்ல ஆசைதான். 1982-இல் ஜென்கின்ஸ் குழுவினர், காலையில் மைசூர்ப் பயறு சாப்பிட்டவர்களுக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டிலும் சர்க்கரை குறைவாகவே ஏறியது என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையிலான சில மணி நேரம். நம் நோன்பு பதின்மூன்று மணி நேரம். அதை இதற்கு அப்படியே பொருத்தக் கூடாது. வெறும் சோறும் ரசமும் சாப்பிடுவதைவிட, சோற்றைக் குறைத்துக் கொண்டைக்கடலைக் குழம்பைக் கூட்டினால் மெதுவாகச் செரிக்கும், அதுவரை சொல்லலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், எந்த நேரத்துக்கு எவ்வளவு என்பதை ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் போய் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் கிட்னி பழுதானவர்களுக்கும் பயறில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் வீட்டுக்கு வேறு பை. பெயரையும் டாக்டர் எழுதிய உணவுச் சீட்டையும் அலுவலகத்தில் கொடுங்கள்.

ராஜ்மாவைப் பையில் வைக்காததற்குக் காரணம் உண்டு. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நாலைந்து கொட்டை அரைவேக்காடாகச் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஊற வைத்து, தண்ணீரை மாற்றி, தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டால் அந்த நச்சு அழிந்துவிடும். குக்கர் இருக்கிற வீட்டில் பயமில்லை. கேஸ் மிச்சம் பிடிக்கிற வீட்டில் பயம் உண்டு.

வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் 'ஃபூல்' டின் கொண்டுவருகிறார்களே, அந்தப் பாக்லாக் கொட்டை பெரும்பாலானவர்களுக்கு நல்ல உணவுதான். ஆனால் ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலருக்கு, அதிலும் ஆண்பிள்ளைகளுக்கு அதிகமாக, அதிலுள்ள வைசின் என்ற பொருள் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சாப்பிட்ட ஓரிரு நாளில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன சாப்பிட்டார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். எகிப்தியர்கள் செய்யும் ஃபலாஃபிலும் இந்தக் கொட்டையில்தான். நம் ஊர் மொச்சையும் அவரையும் வேறு, அவற்றுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

உதிரியாகக் கடலை மாவு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேசரிப் பருப்பு என்று ஒன்று உண்டு, வடநாட்டில் விளைவது. மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால் விளங்காமல் போயிருக்கிறது. 1961-இலேயே அதன் விற்பனைக்குத் தடை வந்தது. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் அதைக் கலப்படம் செய்வது உண்டு. அதனால்தான் நாம் உடைத்த சரக்கையோ மாவையோ மலிவு பார்த்து வாங்குவதில்லை. முழுப் பயறு வாங்கினால் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கலாம், இதுவும் ஒரு வசதி.

கொள்ளு ஏன் இல்லை என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சூடு என்று பாதிப் பேர் தொட மாட்டார்கள், வாங்கி வைத்து வண்டு விழவிட விருப்பமில்லை. வேண்டும் என்பவர்கள் கை தூக்கினால் அடுத்த முறை தனியாக வைக்கலாம். பருப்பு வடை பயறுக் கணக்கில் சேருமா என்று கேட்டவருக்கு என் பதில்: சேரும், எண்ணெய்க் கணக்கிலும் சேரும்.

கடைசியாக, நோன்புக் கஞ்சி. அரசு பள்ளிவாசலுக்குத் தருவது பச்சரிசி. அதை நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது உள்ளே போடும் பருப்புதான். இதுவரை பாசிப்பருப்பு போடுகிறோம். அதற்குப் பதிலாகத் தோலோடு உடைத்த பச்சைப்பயறைப் போட்டால் என்ன என்று கேட்டேன். பண்டாரி காக்கா ஒரே பிடியாக நிற்கிறார்: கஞ்சி நிறம் கறுக்கும், தொண்டையில் தோல் தட்டும், சனம் குடிக்காது. முப்பது வருடமாகக் கஞ்சி காய்ச்சுகிறவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அவர் சொல்கிற மாதிரி ஜனங்கள் குடிக்காமல் கொட்டினால் தோலில் எத்தனை சத்து இருந்து என்ன பயன்?

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மதரஸா கொல்லையில் இரண்டு சட்டி காய்ச்சுகிறோம். ஒன்று பாசிப்பருப்பு, இன்னொன்று தோலோடு உடைத்த பயறு. மசாலா, தேங்காய்ப்பால், கைமா இரண்டிலும் ஒரே அளவு. எது எது என்று சட்டியில் எழுத மாட்டோம், ஆனால் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். குடித்துப் பார்த்துவிட்டுப் பெண்கள் பக்கம் ஒரு பெட்டி, ஆண்கள் பக்கம் ஒரு பெட்டி, சீட்டுப் போடுங்கள். அதிகம் பேர் எதைக் கேட்கிறார்களோ அதுதான் இந்த ரமளானுக்கு. தூக்குச் சட்டி கொண்டு வாருங்கள், வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கும் வாங்கிப் போகலாம். பை டோக்கனும் அன்றைக்கே கொடுக்கிறோம், ரேஷன் கார்டு நகல் ஒன்று போதும்.